டோனி மாரிசனைப் படிக்கும் முன்னாடி அவர் பேட்டியைக் கேட்கலாமா?

தெம்பனிஸ்_வாசகி:
எங்க வாசிப்புக் குழுவுல ஏழு பேர். போன மாசம் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனோட 'பிலவட்' (Beloved) நாவலை எடுத்தோம், அடிமைமுறையைப் பத்தினது. நாலு பேர் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டல. "யார் பேசுறா, யார் செத்துட்டா, ஒண்ணும் புரியலம்மா"னு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தர் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துட்டார். (அது அவர் அட்டையில எடுத்த நூலகப் புத்தகம். நான்தான் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.)

முதல்ல ஒரு பேட்டியைப் போட்டுக் காட்டிட்டு நாவலுக்குள்ள போனா என்ன? கறுப்பின எழுத்தாளர்களோட பேட்டிகள்ல எதைச் சொல்வீங்க?

எனக்குச் சொந்தக் காரணமும் ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஒரு பன்மொழிக் கூட்டத்துல என் சிறுகதையைப் பத்திப் பேசினேன். முடிஞ்சதும் ஒருத்தர், அன்பாத்தான், "எல்லாமே தமிழ்க் குடும்பமா இருக்கே, எல்லாருக்குமான கதை எப்ப எழுதப் போறீங்க?"னு கேட்டார். "முயற்சி பண்றேன்"னு சொல்லிட்டேன். ரயில்ல வீடு வர்ற வரைக்கும் அந்த 'முயற்சி பண்றேன்' தொண்டையில முள்ளா நின்னுச்சு. இதுக்குப் பதில் வச்சிருந்தவங்க யாராச்சும் உண்டா?

கோப்பி_ஓ:
இருக்குக்கா. 1998ல ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்காக ஜானா வெண்ட்ங்கிற பத்திரிகையாளர் மாரிசன்கிட்ட எடுத்த பேட்டியைத் தேடிப் பாருங்க. வெள்ளையர் வாழ்க்கையையும் பெரிய அளவுல எழுத மாட்டீங்களான்னு அதே கேள்விதான். அந்தக் கேள்வி எவ்வளவு இனவாதமானதுன்னு உங்களுக்குப் புரியாது, ஒரு வெள்ளை எழுத்தாளர்கிட்ட கறுப்பர்களைப் பத்தி எப்ப எழுதுவீங்கன்னு கேக்கவே மாட்டீங்கன்னு மாரிசன் சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார். அப்ப நோபல் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு, அவருக்கே இந்தக் கேள்வின்னா நமக்கென்ன!

ஓய்வு_வாத்தியார்:
பேட்டியை முதலில் காட்டாதீர்கள். நாவலாசிரியர் முன்னால் வந்து விளக்கிவிட்டால் வாசகர் அவர் சொன்னதைத்தான் பக்கம் பக்கமாகத் தேடுவார். உங்கள் ஆசிரியைத் தோழிக்கு ஒன்று சொல்லுங்கள், அவருக்குப் புரியாமல் போனது அவர் குற்றமல்ல. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் மாரிசனே இதைப் பேசியிருக்கிறார். அடிமைகளை ஓர் இடத்திலிருந்து பிடுங்கி, முன்பின் தெரியாத இன்னோர் இடத்தில் எறிந்தார்களே, அப்படியே வாசகரும் எந்த ஆயத்தமும் இல்லாமல் கதை நடக்கும் 124ஆம் எண் வீட்டுக்குள் விழ வேண்டும் என்றுதான் அப்படித் தொடங்கினாராம். நீங்கள் பேட்டி போட்டு ஆயத்தப்படுத்தினால் அந்த வேலை கெட்டுப்போகும்.

உட்லண்ட்ஸ்_இரவுப்பணி:
வாத்தியார் சொல்றது மாரிசனுக்குச் சரி. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேக்கு அப்படி இல்லண்ணே. 'பாரிஸ் ரிவியூ' இலக்கிய இதழ் பேட்டியில, 'Things Fall Apart' நாவலோட கையால எழுதின ஒரே பிரதியை லண்டன்ல தட்டச்சு செய்யறவங்களுக்குத் தபால்ல அனுப்பின கதையைச் சொல்வார். பணமும் கட்டியாச்சு, மாசக்கணக்கா பதிலே இல்ல. கடைசியில நைஜீரிய வானொலியில கூட வேலை பார்த்த ஒரு ஆங்கிலேயப் பெண் விடுப்புல ஊருக்குப் போனப்ப நேரா அங்க போய்ச் சத்தம் போட்டுத்தான் வேலை நடந்தது. 1958ல வந்தது அந்த நாவல். என் மாமனார் எழுதின தொகுப்பும் இப்படித்தான் ஒரு அச்சகத்துல ரெண்டு வருஷம் கிடந்தது, எங்களுக்கு அப்படிச் சத்தம் போட ஆள் கிடைக்கல. குழுவுல ஆங்கிலம் சிரமம்னா அந்த நாவல் என்.கே.மகாலிங்கம் மொழிபெயர்ப்புல 'சிதைவுகள்'னு தமிழ்லயே இருக்கு.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவையும் விடாதீங்க. ஆங்கிலத்துல நாவல் எழுதின வரைக்கும் விட்டுவச்சவங்க, கிராமத்து ஜனங்களோட கிகூயூ மொழியில நாடகம் போட்டதும் 1977 கடைசியில பிடிச்சு உள்ள வச்சாங்க. கமீட்டி சிறையில கழிவறைத் தாள்லயே, கிகூயூ மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். கைதிகளை வதைக்கத்தான் சொரசொரப்பான தாள் கொடுத்தாங்க, எழுதறதுக்கு அதுதான் தோதா இருந்துச்சுன்னு சொல்லிச் சிரிச்சிருக்கார்.

தெம்பனிஸ்_வாசகி:
கோப்பி சொன்ன காணொளியை ரயில்ல மூணு தடவை பார்த்தேன், தெம்பனிஸைத் தாண்டி பாசிர் ரிஸ்ல போய் இறங்கினேன். வாத்தியார் ஐயா, உங்க பேச்சைக் கேக்கறேன். முதல்ல நாற்பது பக்கம், புரியாமலே. அப்புறம்தான் காணொளி. ஆசிரியைகிட்ட 124 வீட்டு விஷயத்தைப் போன்ல சொன்னேன். "அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்"னு சொல்லிட்டு, புத்தகத்தைத் திரும்ப எடுத்துட்டு வரச் சொன்னார். அதை இப்ப வேற யாரோ எடுத்துட்டாங்க.