புதுப்பிப்பு: அண்ணனின் விபத்து இழப்பீட்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது

தச்சு வேலை செய்யும் அண்ணனின் வலது கை வாகன விபத்தில் நசுங்கியது, தீர்ப்பாயம் தந்த இழப்பீடு போதவில்லை, மேல்முறையீடு செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

கைகொடுத்தது, "சான்றிதழில் உள்ள சதவீதத்தோடு நிற்காதீர்கள், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று வாதாடுங்கள்" என்ற யோசனைதான். சான்றிதழில் ஊனம் 40% என்றுதான் இருந்தது. ஆனால் அண்ணனால் உளியை இறுக்கிப் பிடிக்க முடியாது. சுத்தியலை ஓங்கினால் நழுவி விழுகிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தச்சரையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறது: கை போய் அந்த வேலையைச் செய்யவே முடியாமல் போனால், வருமான இழப்பு கிட்டத்தட்ட 100% ஆகலாம். வக்கீல் அதைக் காட்டினார். உயர் நீதிமன்றம் 70% என்று எடுத்துக்கொண்டது. விபத்தின்போது வயது 38, அதனால் பெருக்கு எண் (ஒரு வருட வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பது) 15. தீர்ப்பாயம் விட்டுவிட்ட எதிர்கால வருமான உயர்வு 40%-உம் சேர்ந்தது.

எதிர்பாராத விஷயம், இழப்பீட்டுத் தொகைக்குத் தரும் வட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 173-ஆம் பிரிவின்படி 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சிகிச்சை அலைச்சலில் நாங்கள் தாமதித்துவிட்டோம். தாமதத்தை மன்னித்தார்கள், ஆனால் அந்த நாட்களுக்கு வட்டி கிடையாது. தயவுசெய்து நீங்கள் நாளைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது; அந்தக் கூடுதல் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் செலுத்த 8 வாரம் அவகாசம் இருக்கிறது.