ஜிம்மில் புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்கிறார்கள், வாங்கணுமா?

ரப்பர்க்காட்டான்: களியக்காவிளை பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். எடை 70 கிலோ. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) குடிக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண் என்கிறார் கோச். வீட்டில் மதியம் சம்பா சோறும் சாளை (மத்தி மீன்) குழம்பும், ராத்திரி மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). இது போதாதா?

பனையேறி பேரன்: மக்கா, காசை வீணாக்காதே. அந்த அரை மணி நேரக் கதை 2013-லேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஷான்ஃபெல்ட் என்ற உடற்பயிற்சி ஆய்வாளரும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தால் வந்ததாகத் தெரிந்த பலன் காணாமல் போனது. எங்கள் தாத்தா அக்கானியும் (பதநீர்) கஞ்சியும் குடித்துத்தான் பனை ஏறினார். டப்பா எங்கே இருந்தது?

இரும்புத்தூக்கி: தாத்தா கதை வேண்டாம் அண்ணே. பனை ஏறியவர்களில் எத்தனை பேர் வயதான காலத்தில் முட்டியைப் பிடிக்காமல் நடந்தார்கள்? நேரம் முக்கியமில்லை, சரி. அளவு முக்கியம்தானே? 2018-இல் மார்ட்டன் குழு 49 ஆய்வுகளை, 1,863 பேரை அலசியது. கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடப் பலன் இருந்தது. தம்பிக்கு அது 112 கிராம். மரச்சீனியில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடக் கிடையாது. அதைத் தின்றுகொண்டு எப்போது 112-ஐத் தொடுவது?

பனையேறி பேரன்: அதே ஆய்வை மீதியும் படியுங்கள். கூடுதல் புரதத்தால் சேர்ந்த கொழுப்பில்லா எடை சராசரியாக 300 கிராம். அவ்வளவுதான்! மற்றதெல்லாம் எடைத் தட்டைத் தூக்கியதால் வந்தது. 1994-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரிடம் செய்த சோதனையும் இருக்கிறது. பயிற்சி செய்தவர்களுக்குத் தசை வலிமை 113 சதவீதம் கூடியது, செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டியில் உடம்பு ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்கிறது. அதிகப் புரதம் நாளடைவில் கிட்னிக்குக் கேடு என்றும் எழுதியிருக்கிறது.

நெய்யாற்றங்கரை அக்கா: டயட்டீஷியனாக இருக்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். ஏற்கெனவே கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் அளவு பார்த்தே ஆகணும். ஆரோக்கியமானவர்களைப் பற்றி 2018-இல் வந்த தொகுப்பாய்வில் அப்படி ஒரு கேடு தெரியவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. சிரியக் அபி பிலிப்ஸ் குழு இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு. கொச்சியில் இருக்கும் டாக்டர் செய்த வேலை, ஆனால் நம் பக்கத்து ஜிம்களில் யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை.

இரும்புத்தூக்கி: எல்லா டப்பாவும் அப்படியில்லையே அக்கா. அதில் மூலிகை கலந்தவைதான் ரொம்ப மோசம். வெளி ஆய்வகத்தில் சோதித்த சரக்கு வாங்கினால் போதும். 112 கிராமைச் சாப்பாட்டில் எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

நெய்யாற்றங்கரை அக்கா: நாலு முட்டை 24 கிராம். முள் நீக்கிய சாளை 200 கிராம் எடுத்தால் 40. உலர்ந்த மீல்மேக்கர் (சோயா உருண்டை) 50 கிராமில் 25, சிறுபயறு 50 கிராமில் 12. நூற்றொன்று ஆயிற்றா? சோறும் கொஞ்சம் தயிரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சோயாவை மட்டமாக நினைக்க வேண்டாம். பிரேசிலில் 2021-இல் வெளியான 12 வார ஆய்வில், புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் இருந்தவரை, சோயாவை நம்பிய வீகன்களும் (பால், முட்டைகூடத் தொடாதவர்கள்) கறி தின்றவர்களும் தசையில் ஒரே அளவுதான் ஏறினார்கள்.

இரும்புத்தூக்கி: தினமும் நாலு முட்டை, கால் கிலோ மீன்! ரப்பர் வெட்டிவிட்டு ஓடி வருகிறவனுக்கு இதை யார் ஆக்கிப் போடுவார்கள்? ஜூன், ஜூலை தடைக்காலத்தில் சாளை விலையைக் கேட்டிருக்கிறீர்களா?

பனையேறி பேரன்: மீன் இல்லாத நாளில் பயறைக் கூட்டு. அவித்த முட்டை ஆக்க ஆள் வேணுமா?

ரப்பர்க்காட்டான்: இந்த மாதம் முட்டையும் மீல்மேக்கரும். மரச்சீனியை விடமாட்டேன். கோச் கேட்டால் என்ன சொல்ல?

பனையேறி பேரன்: அடுத்த தட்டைப் போடச் சொல்லு மக்கா.