பெங்களூரு மழைக்காலத் தும்மலுக்குப் பூமரங்கள்தான் காரணமா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 24. வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் சளிகூட அரிதாகவே பிடிக்கும் எனக்கு, இவ்வாண்டு மழை தொடங்கியதிலிருந்து காலையில் அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் நிற்கவில்லை. தெருவோரப் பூமரங்களின் மகரந்தமே காரணம் என்று அறைத் தோழர்கள் சொல்கிறார்கள். அது சரியா? தினமும் செட்டிரிசின் என்னும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
மரங்களின் மீது வீண்பழி வேண்டாம். கண்ணைப் பறிக்கும் பூக்கள் பூச்சிகளை நம்பிப் பூப்பவை. அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பாகவும் கனமாகவும் இருப்பதால் காற்றில் அதிகம் பரவாது. பெரும்பாலும் தொல்லை தருபவை யாரும் பூவென்றே மதிக்காத புல்லும் களையும்தான். பெங்களூரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, காலி மனைகளில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இக்களை 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. இதைக் கட்டுப்படுத்த மெக்சிகோ வண்டுகளை 1984இல் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். அவை இலைகளைத் தின்கின்றன, ஆனாலும் செடி ஒழிந்தபாடில்லை.

மறுமொழி 2:
புது ஊருக்கு வந்தவுடன் இத்தகைய ஒவ்வாமை வருவதில்லை. ஒரு மகரந்தத்தைப் பகையாகக் கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தை உடல் உருவாக்கிய பிறகே, அடுத்தடுத்த முறை அது மூக்கில் படும்போது ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சுரந்து தும்மலும் நீரொழுக்கும் தொடங்குகின்றன. டீசல் புகைத் துகள்கள் இந்த எதிர்வினையைத் தூண்டிவிடுகின்றன. எனினும் மழைக்காலம் கடந்தும் தொல்லை நீடித்தால், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகளையும் சந்தேகிக்க வேண்டும்.

மறுமொழி 3:
தம்பி, மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் தொடர வேண்டாம். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், வண்டி ஓட்டுபவர் என்றால் கவனம் தேவை. மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பரிந்துரைத்தால், அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் இரண்டே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எதற்கு ஒவ்வாமை என்பதைத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் அறியலாம். அதற்குச் சில நாட்கள் முன்பே இம்மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். அப்போது தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். விடுதிக்குப் பக்கத்தில் பார்த்தீனியம் இருந்தாலும் வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோலிலும் அரிப்பும் தடிப்பும் வரும்.