புது பிளாட்டில் தஞ்சாவூர் படம், பழைய போட்டோ, குத்துவிளக்கு: எதை எங்கே, எப்படி?

மேடவாக்கம்வாசி:
புது அபார்ட்மென்ட், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கடையில் வாங்கி நிரப்பும் எண்ணமில்லை. ஊர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரப் போகிறோம். முதல் கட்டமாக, கண்ணாடி போட்ட 3 அடிக்கு 2 அடி தஞ்சாவூர்க் கிருஷ்ணர், சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன தாத்தா பாட்டி கல்யாண போட்டோ, மரை இறுகிக் கழற்ற வராத நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. டிரில் போட ஆள் வருவதற்குள் என்னென்ன கவனிக்கணும்?

ரசமட்டம்:
ஆளை இப்போதைக்கு வரச் சொல்லாதீங்க. புதுச் சிமென்ட் பூச்சு முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை அடித்து ஓயட்டும், எந்த வெளிச்சுவர் ஓதம் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அவசரமென்றால் ஒரு அடிச் சதுரப் பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் சுவரில் ஒட்டிவையுங்க. உள்பக்கம் நீர் முத்துக் கட்டினால் அந்தச் சுவர் வேண்டாம். பாத்ரூமின் மறுபக்கச் சுவரை யோசிக்கவே வேண்டாம்.

அந்த அளவுப் படம் சட்டம், கண்ணாடி சேர்த்து 10 கிலோ பக்கம் வரும். ஒற்றை ஆணியும் கயிறும் சரிப்படாது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி, சட்டத்தின் இருபுறமும் டி வளையம் போட்டு இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுங்க. செங்கல் சுவருக்கு 8 மி.மீ. டிரில் பிட், 50 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை). பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது, பிளக் அதைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்காரணும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே துளை போடக் கூடாது, ஒயர் அங்கேதான் ஓடும்.

காவிரிக்கரை:
தஞ்சாவூர்ப் படத்துக்கு எதிரி ஓதம்தான். அந்தப் புடைப்பெல்லாம் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து எழுப்பியது. ஈரம் ஏறினால் உப்பி வெடிக்கும், கூடவே தங்க ரேக்கும் தூக்கிக்கொள்ளும். கீழ் மூலை இரண்டிலும் 1 செ.மீ. தடிமனில் கார்க் ஒட்டினால் பின்னால் காற்று போகும். நேர் வெயில் விழும் சுவர் கூடாது. கண்ணாடியில் ஸ்ப்ரே அடிக்காதீங்க, சட்டத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். உயரம்: நம்மவர்கள் பரணுக்குக் கீழே ஒட்டினாற்போல மாட்டி, கழுத்து வலிக்கப் பார்ப்பார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடிக்குள் இருக்கட்டும்.

போட்டோவைக் கண்ணாடியிலிருந்து உரிக்கவே உரிக்காதீங்க, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மேட் பேப்பரில் பிரின்ட் எடுத்து, அதைச் சுவரில் மாட்டுங்க. அசலை இருட்டான, காய்ந்த அலமாரியில் வைக்கலாம். புதுச் சட்டத்தில் சுற்றிலும் 2 மி.மீ. மவுன்ட் போர்டு, அதாவது படம் கண்ணாடியைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் தடித்த அட்டை, கட்டாயம். இது ஒட்டினதே அந்த இடைவெளி இல்லாததால்தான்.

வார்ப்பு:
விளக்கு மரைக்குத் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. காலையில் ரப்பர் துண்டு சுற்றி, ஒருவர் பீடத்தைப் பிடிக்க இன்னொருவர் தண்டைத் திருகணும். வரலைன்னா மறுபடி எண்ணெய். பைப் ரெஞ்ச் பக்கம் போயிடாதீங்க, பித்தளை மெது, பல் பதிஞ்சா போகாது.

விளக்கைத் துலக்க எலுமிச்சை அளவு புளி, கொஞ்சம் கல்லுப்பு, பத்து நிமிஷம் போதும். ஊறப்போட்டு மறந்தால் பித்தளை இளஞ்சிவப்பாகத் திரும்பும். கழுவினதும் மரைக்குள் ஈரம் தங்கக் கூடாது. பச்சைக் களிம்பு பிடித்து இறுகுவது அங்கேதான். ஏற்றுகிற விளக்குக்குப் பளபளப்புக்கான லாக்கர் பூச்சு வேண்டாம், சூட்டில் உரியும்.

மேடவாக்கம்வாசி:
நன்றி. பால்கனிப் பக்கச் சுவரில் பாலிதீன் முத்துக் கட்டியது, அதை விட்டாச்சு. ஹால் சுவர் காய்ந்திருக்கு. ஆனால் கேபிள்காரர் போட்ட துளையில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டுது. செங்கல்தானே?

ரசமட்டம்:
செங்கல் என்றால் தூள் சிவப்பாக வரும். இது ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான சிமென்ட் கல். அதற்கென்றே தனி நைலான் பிளக் விற்கிறது, சாதா பிளக் போட்டால் நாளாக நாளாக ஆடி வெளியே வந்துவிடும். டிரில்லில் ஹாமர் மோடை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிடச் சொல்லுங்க, இல்லாவிட்டால் துளை அகன்றுவிடும். பிளக்கை மாட்டியதும் கையால் இழுத்துப் பாருங்க. துளி அசைந்தாலும் அந்தத் துளையை விட்டு 10 செ.மீ. தள்ளிப் புதுசாகப் போடணும்.