புதுப்பிப்பு: இருளர்–குறும்பர் திருமணம் பதிவாகிவிட்டது
இருளர் பழங்குடிப் பெண்ணான நானும், வேலை செய்யும் இடத்தில் பழகிய குறும்பர் பழங்குடி இளைஞரும் எந்தச் சட்டப்படி மணந்துகொள்ளலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்பதால், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் ஆட்சேபக் காலம் முடிந்தபின், மூன்று சாட்சிகள் முன்னிலையில் பதிவு செய்துகொண்டோம். அவர்களில் ஒருவர், முதலில் கடுமையாக எதிர்த்த என் தாய்மாமாதான் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

யார் வீட்டுச் சடங்கு, குழந்தை எந்த மொழி பேசும் என்பதையெல்லாம் இரு வீட்டாரும் மணத்துக்கு முன்பே மனம்விட்டுப் பேசியது பெரிதும் உதவியது. மாமியார் தம் மொழியில் மெதுவாகச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறார்.

இதே நிலையில் இருப்பவர்கள், அறிவிப்புக் கொடுக்கும் மாவட்டத்தில் மணமக்களில் ஒருவராவது 30 நாள் வசித்ததற்கான சான்றை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.