அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் வாள்: அமிர்தசரஸில் மகள் கேட்ட கேள்வி

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் குடும்பத்தோடு அமிர்தசரஸ் போய் வந்தோம். பொற்கோவிலைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், குளம், கீர்த்தனை, லங்கரில் (எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் பொதுச் சமையற்கூடம்) எவர்சில்வர் தட்டு கழுவும் இரைச்சல், அதையெல்லாம் திரும்ப எழுதவில்லை. சாயங்காலம் எதிரில் இருக்கும் அகால் தக்துக்குப் போனோம், சீக்கியர்களின் உயர் அதிகார பீடம் அது. அங்கே ஒருவர் பழைய வாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது இந்த குருவுடையது, இது இன்னாருடையது என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் ஏழாவது படிக்கிறாள். "ஏம்ப்பா, அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் கத்தியா?" என்றாள். வழிகாட்டி பக்கத்தில் இருக்கும் இரண்டு கொடிமரங்களைக் காட்டி, ஒன்று பீரி, ஆன்மிகம், இன்னொன்று மீரி, ஆட்சி அதிகாரம், இரண்டும் சேர்ந்ததுதான் நாங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: குரு நானக் அமைதியான மகான், பின்னால் மொகலாயர்கள் கொடுமை செய்தார்கள், இவர்கள் வாளை எடுத்தார்கள். அப்படியென்றால் வாள் வந்த அன்றே நானக் சொன்னது போய்விட்டது என்றுதானே அர்த்தம்? இல்லை, இரண்டையும் உண்மையிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்களா? "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது" என்கிற பதில் வேண்டாம், தயவுசெய்து.

---

கணக்கு வாத்தியார்:

நானக் அமைதியான மகான் என்பதிலேயே பாதி தப்பு. பாபர் பஞ்சாபுக்குள் வந்து சையத்பூரைச் சூறையாடியபோது (1520-21 வாக்கில்) அதைப் பற்றிப் பாடியவர் அவர். காபூலிலிருந்து பாவத்தைக் கல்யாண ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று பாபரைச் சொல்கிறார். அதோடு நிற்காமல் கடவுளையே பிடித்துக்கொள்கிறார்: இத்தனை அடி விழுந்து ஜனங்கள் கதறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா? அந்தப் பாட்டு இன்றைக்கும் அவர்களுடைய வேதத்துக்குள் இருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்தவர் பாடுகிற பாட்டா இது? வாளை எடுக்கவில்லை, சரி. ஆனால் அரசியல் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

---

லூதியானா அக்கா:

வாத்தியார் சொன்னது சரி. நான் 18 வருடம் லூதியானாவில் குடியிருந்தவள், என் பங்குக்குக் கொஞ்சம்.

போன புதிதில் ஒரு ஜூன் மாதம், கொளுத்துகிற வெயில், ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தேன். நடுரோட்டில் நாலு பையன்கள் வண்டியை மறித்து, பெரிய அண்டாவிலிருந்து ரோஸ் சிரப் விட்ட பால் தண்ணீரை டம்ளரில் மொண்டு நீட்டினார்கள். ஐஸ் மிதக்கிறது. ரிக்‌ஷாக்காரருக்கு முதலில், எனக்கு அப்புறம். வேண்டாம் என்றாலும் விடவில்லை. ஏதோ கல்யாணம் போல என்று நினைத்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். "எங்கள் குருவைக் கொன்ற நாள்" என்றார். எனக்குத் தொண்டையில் சிரப் நின்றுவிட்டது.

அந்த குரு ஐந்தாமவர், அர்ஜன் தேவ். 1604-இல் பாடல்களையெல்லாம் தொகுத்து ஆதி கிரந்தத்தைப் பொற்கோவிலில் வைத்தவர். 1606-இல் லாகூரில் ஜஹாங்கீர் ஆணையில் கொல்லப்பட்டார். கலகம் செய்த மகன் குஸ்ரூவுக்கு குரு நெற்றியில் திலகமிட்டார் என்பது குற்றச்சாட்டு, ஆனால் இந்தக் கடையை மூட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்ததாக ஜஹாங்கீரே தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கொதிக்கும் இரும்புத் தட்டில் உட்கார வைத்துச் சுடுமணலைக் கொட்டினார்கள் என்பது சீக்கியர் மரபு. அதற்குத்தான் அந்தக் குளிர்ந்த தண்ணீர். சபீல் என்பார்கள். வருகிறவன் இந்துவா முஸ்லிமா என்று யாரும் கேட்பதில்லை.

அவருக்குப் பிறகு மகன் ஹர்கோவிந்த், வயது 11, இரண்டு வாள் கட்டிக்கொண்டு பதவிக்கு வருகிறார். அகால் தக்த் அவர் கட்டியது. உங்கள் மகள் கேட்ட கேள்வி 400 வருடப் பழசு, அன்றைய சீக்கியர்களே கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஆதி கிரந்தத்தைக் கையால் எழுதிய பாய் குர்தாஸ் அந்த முணுமுணுப்பை அப்படியே பாட்டில் வைத்திருக்கிறார். முன்னால் இருந்த குருக்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள், இவர் ஊர் ஊராக அலைகிறார். அவர்களைப் பார்க்க ராஜாக்கள் வந்தார்கள், இவரை ராஜா கோட்டையில் அடைத்தான் (குவாலியர் கோட்டை). நாய் வளர்க்கிறார், வேட்டைக்குப் போகிறார், பாட்டு ஒன்றும் எழுதுவதில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு குர்தாஸ் வைக்கிற உவமை நமக்கு நன்றாகப் புரியும்: வயலைச் சுற்றி முள்வேலி, தோட்டத்தைச் சுற்றிக் கருவேல மரம். உள்ளே இருப்பது தோட்டம்தான், அதை மறக்க வேண்டாம் என்கிறார்.

இன்னொன்று. ஆறாமவர் வாள் எடுத்தார், அதற்குப் பிறகு எல்லாம் வாள்தான் என்று நினைத்தால் ஒன்பதாமவர் இடிக்கிறார். அவர் பெயரே தேக் பகதூர், வாள் வீரர் என்று பொருள். காஷ்மீர் பண்டிதர்களுக்காகப் பேசப்போய் 1675 நவம்பரில் டெல்லி சாந்தினி சௌக்கில் வாளில்லாமல் நின்று தலையைக் கொடுத்தார். பூணூல் போட மாட்டேன் என்று சின்ன வயதிலேயே மறுத்தவர் நானக் என்பார்கள், அவர் வழியில் வந்தவர் அடுத்தவன் பூணூலுக்காகச் செத்தார். அவருடைய மகன் கோவிந்த் சிங்தான் 1699-இல் கல்சாவை, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பை, உண்டாக்கினார். எல்லா வழியும் அடைந்த பிறகு வாளில் கை வைப்பது நியாயம் என்று அவுரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் கடிதம் எழுதியதும் அவர்தான்.

---

கரோல்பாக் பையன்:

அக்கா, வேலி உவமை அழகு. ஆனால் நம் ஊரில் வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் ஆயுதக் குழுத் தலைவர் பிந்தரன்வாலே அகால் தக்துக்குள்ளேயே குடிவந்தார். அதற்கு முன்னால் ஏப்ரலில், கோவிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த போலீஸ் டிஐஜி அத்வால் வாசல் படியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சீக்கிய அதிகாரிதான் அவர். பஞ்சாபில் பஸ்ஸை நிறுத்தி இந்துக்களை இறக்கிச் சுட்டதும் நடந்தது. இது எந்தத் தோட்டத்துக்கு வேலி? அப்புறம் 1984 ஜூனில் அரசு ராணுவத்தை அனுப்பியது, அதுவும் அக்கா சொன்ன அதே குரு அர்ஜன் நினைவு நாளில், உள்ளே யாத்திரிகர்கள் நிறைந்திருக்கும்போது. டாங்கி குண்டில் அகால் தக்த் இடிந்தது. யார் வேலி, யார் மாடு என்றே தெரியாமல் போன வருடம் அது.

இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்ற பிறகு சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற அந்த நவம்பரில் நாங்கள் டெல்லியில் இருந்தோம், நான் மூன்றாவது படித்தேன். மாடி வீட்டு சர்தார்ஜி குடும்பம் மூன்று நாள் எங்கள் சமையலறையில் படுத்திருந்தது. அப்பா முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு கீழே போய், அவர்கள் பெயர்ப்பலகையைக் கழற்றி வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, அதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்களே என்று அம்மா அதில் ஒரு காலண்டரை மாட்டச் சொன்னார். டெல்லியில் மட்டும் 2,733 பேர் செத்ததாக அரசுக் கணக்கு. ஆகவே கொடுமை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆன்மிகமும் அரசியலும் ஒரே பீடத்தில் இருந்தால் துப்பாக்கி வைத்திருப்பவன் அந்தப் பீடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவான், அதைத்தான் சொல்கிறேன்.

---

கணக்கு வாத்தியார்:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் 83-84ஐ வைத்து 400 வருடத்தை அளக்காதீர்கள். சீக்கியர் கட்சியான அகாலிகளின் 1973 அனந்த்பூர் சாகிப் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பகுதி மாநில சுயாட்சி. அதே காலத்தில்தான் இங்கே ராஜமன்னார் குழு, 1974-இல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம். நாம் கேட்டால் கூட்டாட்சி, அவர்கள் கேட்டால் பிரிவினை என்றுதானே டெல்லி பார்த்தது?

---

கரோல்பாக் பையன்:

நம்மையும் பிரிவினைவாதி என்றுதான் சார் சொன்னார்கள் :) தீர்மானத்தில் எனக்குச் சண்டை இல்லை, சண்டையெல்லாம் பீடத்தோடுதான்.

---

முள்ளும் மலரும் இல்லை:

இரண்டு பேரும் வாளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மீரி என்றால் வாள் மட்டும்தானா? குரு கா பாக் யாருக்கும் ஞாபகம் வரவில்லையா?

1922 ஆகஸ்ட். அமிர்தசரஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஒரு குருத்வாரா. அப்போது குருத்வாராக்கள் பலவும் மகந்துகள் (பரம்பரை நிர்வாகிகள்) கையில், பலர் சொந்தச் சொத்து மாதிரி வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள், பின்னால் வெள்ளைக்காரன் ஆதரவு. லங்கர் அடுப்புக்குக் கோவில் நிலத்தில் விறகு வெட்டிய ஐந்து அகாலிகளை (குருத்வாராக்களை மீட்கக் கிளம்பிய சீக்கியர்கள்) திருட்டுக் கேஸில் பிடித்து உள்ளே போட்டார்கள். வெட்டியது என்ன மரம் தெரியுமா? கருவேலம். பாய் குர்தாஸ் உவமையில் வந்த அதே மரம், சத்தியமாக நான் ஜோடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒரு ஜத்தா, அதாவது தொண்டர் குழு, கிளம்பியது. எங்கிருந்து? அகால் தக்திலிருந்து. வாள் வைத்துக் கும்பிடுகிற அதே இடத்தில் நின்று, அடித்தாலும் கை ஓங்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, கறுப்புத் தலைப்பாகை கட்டி நடந்து போனார்கள். பலர் முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய பழைய சிப்பாய்கள், அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. போலீஸ் பூண் போட்ட லத்தியால் அடிக்கும், விழுவார்கள், எழுந்து கைகூப்பி நிற்பார்கள், மறுபடி அடி. காந்தியின் நண்பரான ஆங்கிலேயப் பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸ் நேரில் பார்த்துவிட்டு கிறிஸ்துவின் பாடுகளைக் கண்ணால் கண்டதாகவே எழுதினார். அடி நின்றது, கைது தொடர்ந்தது, 5,600 பேருக்கு மேல் சிறை. கடைசியில் சர் கங்கா ராம் என்பவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வெட்டிக்கொள்ளுங்கள் அப்பா என்று விட்டார், அரசும் மூக்குடையாமல் தப்பித்தது. 1925-இல் குருத்வாரா சட்டம் வந்தது, நிர்வாகம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் போனது.

இதில் நம் பக்கமும் ஒரு நூல் ஓடுகிறது. 1923-இல் அகாலிகள் பஞ்சாபின் ஜைத்தோவில் நடத்திய போராட்டத்தைப் பார்க்கப் போன நேருவையும் தமிழர் கே. சந்தானத்தையும் ஒரே கைவிலங்கில் பூட்டி நடத்திக் கூட்டிப் போனார்கள். 1924-இல் பெரியார் போன அதே வைக்கம் போராட்டத்துக்கு அகாலிகள் பஞ்சாபிலிருந்து வந்து லங்கர் அடுப்பு மூட்டினார்கள். வெளியார் சோறு வேண்டாம், உள்ளூர் இந்துக்களின் சுயமரியாதைக்கு நல்லதில்லை என்று காந்தி சொன்னதால் மூடிவிட்டுப் போனார்கள். சாதி பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் அங்கே நடந்த பெரிய அரசியல், அதைப் போய் மூடச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு.

---

பழைய பேப்பர்:

பர்னாலாவை விட்டுவிட்டீர்களே. நம் கவர்னராக இருந்த அதே சுர்ஜித் சிங் பர்னாலா. 1986 ஏப்ரலில் பஞ்சாப் முதல்வராகப் பொற்கோவிலுக்குள் போலீஸை அனுப்பினார். அதற்காக, முதல்வர் பதவியில் இருக்கும்போதே, கோவில் வாசலில் பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். பதவி போன பிறகு, 1988-இல், அகால் தக்த் உத்தரவின்படி கழுத்தில் அட்டை மாட்டி, தூணில் கட்டப்பட்டு நின்றார். அப்படிப்பட்டவர் 1991 ஜனவரியில் இங்கே கவர்னர். திமுக ஆட்சியைக் கலைக்க அறிக்கை கொடு என்று டெல்லி கேட்டது, மாட்டேன் என்றார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள், இவரை பீகாருக்கு மாற்றினார்கள், இவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். தூணில் நின்ற மனுஷனுக்கு மாற்றல் உத்தரவெல்லாம் ஒரு விஷயமா?

---

கரோல்பாக் பையன்:

இது நல்ல கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போலீஸை அனுப்பியது சரியா தப்பா என்று தீர்மானிக்க வேண்டியது சட்டசபையா, தக்தா? 2024 டிசம்பரில் அகாலி தலைவர் சுக்பீர் பாதலும் இதே மாதிரி தண்டனையாக வாசலில் ஈட்டியோடு உட்கார்ந்திருந்தார், ஒருவன் அங்கேயே வந்து சுட்டான், அருகில் இருந்த போலீஸ்காரர் பாய்ந்து பிடித்ததால் பிழைத்தார். பெரிய ஆளையும் செருப்புத் துடைக்க வைக்கிறார்கள் என்பது எனக்கும் பிடிக்கிறது. அந்த உத்தரவு போடுகிறவர்களை நியமிக்கும் அந்தக் குருத்வாராக் குழுவுக்குக் கடைசியாக 2011-இல் தேர்தல் நடந்தது என்பதுதான் பிடிக்கவில்லை.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்குக் கருவேல மர விஷயத்தை மட்டும் படித்துக் காட்டினேன். "அப்ப வேலியை வெட்டித்தான் சோறு பொங்கினாங்களா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கரோல்பாக் தம்பி, அந்தப் பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டினீர்களா?

லூதியானா அக்காவுக்கு ஒரு கேள்வி: ராத்திரி கிரந்தத்தைப் பொற்கோவிலிலிருந்து எங்கேயோ எடுத்துப் போவார்கள் என்று ஓட்டலில் சொன்னார்கள், குழந்தை தூங்கிவிட்டதால் பார்க்கவில்லை. எங்கே போகிறது?

---

கரோல்பாக் பையன்:

மாட்டவில்லை சார். அடுத்த வருடமே வீட்டை விற்றுவிட்டு ஜலந்தர் போய்விட்டார்கள். போகும்போது அப்பா எடுத்துக் கொடுத்தார், அந்த அம்மா துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

---

லூதியானா அக்கா:

அகால் தக்துக்குத்தான் போகிறது. கிரந்தம் பகலெல்லாம் பொற்கோவிலில், ராத்திரி அகால் தக்தில் துயில். பல்லக்கில் பூ வைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக் கொண்டுபோவார்கள், விடியற்காலை மறுபடி எதிர்ப்பக்கம். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் போனால் பளிங்குத் தரையில் வெறுங்கால் மரத்துப்போகும், விரிப்பு போட்டிருப்பார்கள், அதை விட்டு இறங்காமல் நடக்கச் சொல்லுங்கள். பெண்ணை மத்தியானமே தூங்க வைத்துவிடுங்கள்.