ஏலப் பக்கம் மறையமுதல் அதை எப்படிச் சேமிக்கிறது?

உவர்மலை:
வணக்கம். ஒல்லாந்தர் காலக் காசுகள் சேர்க்கிறன். குறிப்பா எங்கட திருகோணமலையில் அடிச்ச, "டி" (T) எழுத்துள்ள விஓசி (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) ஸ்டைவர் எண்ட செப்புக் காசுகள். இங்க கிடைக்கிறது அருமை. அதனால ஈபேயில் வெளிநாட்டு ஆக்கள் போடுறதைத்தான் வாங்கிறன். ஏலம் முடிஞ்சு கொஞ்சக் காலத்தில் அந்தப் பக்கமே இல்லாமல் போகுது. விற்றவர் என்ன எழுதினார், எந்தப் படம் போட்டார் எண்டு என்ர பிள்ளைகளும் பிறகு பார்க்கவேணும். போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் துண்டு துண்டாத்தான் வருது. லப்டொப்பில் எது நல்லம்?

உப்புவெளி:
பயர்பொக்ஸிலேயே இருக்கு அண்ணா. பக்கத்தில் வலது கிளிக் செய்து ஸ்கிரீன்ஷொட்டைத் தெரிவு செய்யுங்கோ. முழுப் பக்கத்தையும் ஒரே படமாச் சேமிக்கலாம். முதல்ல அடிவரைக்கும் உருட்டிப் படமெல்லாம் வந்திட்டுதா எண்டு பாருங்கோ, இல்லாட்டி வெறும் கட்டம்தான் விழும்.

கோட்டடி:
தம்பி, பக்கத்தைப் பிடிச்சால் மட்டும் காணாது. அந்த ஸ்டைவரெல்லாம் கையால் அடிச்ச காசு. ஒண்டின் விளிம்பு மற்றதுக்கு வராது, முத்திரை ஒரு பக்கம் சரிஞ்சு விழுந்திருக்கும். கைரேகை மாதிரி. அதனால விற்றவரின் படங்களை ஒவ்வொண்டாப் பெரிசாக்கி, முழு அளவில் தனித்தனியா இறக்குங்கோ. "டி" தெளிவாத் தெரியிற படம் கட்டாயம் வேணும்; முழுப்பக்க ஸ்கிரீன்ஷொட்டில் அது பொட்டு மாதிரித்தான் தெரியும்.

பிறகு கன்ட்ரோல்-பி அழுத்திப் பிடிஎப் ஆகவும் சேமியுங்கோ. தலைப்பு, அடிக்குறிப்பு எண்ட தெரிவைப் போட்டால் திகதியும் இணைய முகவரியும் தாளிலேயே விழும். எழுத்தைத் தேடவும் ஏலும். கோப்புப் பெயரில் முதல்ல ஆண்டு, மாதம், நாள். பிறகு பொருள் இலக்கம். அப்பதான் வரிசையா நிற்கும்.

விற்றவரோட கதைச்ச செய்திகள் நீளமெண்டால் ஓபிஎஸ் ஸ்டூடியோவால் திரையை உருட்டி உருட்டிப் பதியலாம். இலவசம்தான். வட்ஸ்அப்பில் படமா அனுப்பி வைக்காதேங்கோ, தரம் குறைஞ்சிடும். ஆவணமா அனுப்பினால் பிரச்சினை இல்லை.

உப்புவெளி:
இன்னொண்டு. ஸ்கிரீன்ஷொட்டை யாரும் மாத்தலாம். இணையப் பக்கங்களின் பிரதியைச் சேர்த்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைக் குடுத்துச் சேமிச்சால் வேற ஒரு இடத்தில் திகதியோட பிரதி இருக்கும். சில பக்கங்கள் அதில சரியா விழாது, ஏலம் ஓடேக்கையே செய்து பாருங்கோ.

உவர்மலை:
நன்றி ரெண்டு பேருக்கும். பார்சல் வந்தபிறகும் ஏதும் சேர்க்கவேணுமா ஐயா?

கோட்டடி:
ஓம். உறையைப் பிரிக்கமுதல் முத்திரையும் தபால் குறியும் தெரிய ஒரு படம். காசின் நிறை கிராமில், விட்டம் மில்லிமீற்றரில். விற்றவரின் படத்துக்குப் பக்கத்தில் உங்கட படத்தை வைச்சு விளிம்பை ஒப்பிடுங்கோ.